தீய்ந்த பால் வாசனை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்,
1934 ஆகஸ்ட் 3, வெள்ளி.

கர்த்தருடைய காவலில் லிப்பிஸில் தனித்திருக்கும் என் அன்புள்ள கணவருக்கு, தங்கமணி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் பூமணியும் சலோமியும் சுகம். உங்கள் கடிதம் வந்தது. ரயில்வே ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ் கூரை இன்னும் ஒழுகுகிறது என்றால் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். போன தடவை உங்கள் வெள்ளைக் கோட்டில் ஏறியிருந்த பூசணத்தைக் கழுவி என் கை தேய்ந்துவிட்டது. இந்தத் தடவை அப்படிக் கொண்டுவந்தால் அப்படியே போட்டுக்கொண்டு கோயிலுக்கு வரவேண்டியதுதான்.

வீட்டில் இப்போது பிள்ளைகள் முகாம் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. திங்கட்கிழமை காலை கோயில் வாசலிலிருந்து லோரி புறப்படுகிறது. ஒரு வாரம் மோரிப் கடற்கரையில். நம் சபைப் பிள்ளைகளோடு கிள்ளான், அம்பாங் பிள்ளைகளும் சேருகிறார்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் அம்மா தாய்மார்களை மட்டும் நிறுத்திவைத்துப் பேசினார்கள். பிள்ளை தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள வேண்டுமாம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டுமாம். ராத்திரி அம்மா பக்கத்தில் இல்லாமல் படுக்க இப்போதிருந்தே பழக்க வேண்டுமாம். வெள்ளித் தம்ளர் கொடுத்தனுப்ப வேண்டாம், தகரக் குவளை போதும் என்றார்கள். அம்பாங்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் எழுந்து, "அங்க சோறு ரெண்டு வேளையா, மூணு வேளையா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் பதில் வரும்வரை ஒருத்தியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடைசியில் போதகர் அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது கோளாறு இருந்தால் கூச்சப்படாமல் இராஜம்மாவிடம் சொல்லிவிடுங்கள், மருந்து எதுவானாலும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். நான் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

முகாமில் பெண்பிள்ளைகளுக்கு உங்கள் தம்பி மனைவி இராஜம்மாதான் பொறுப்பு என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். வேறு யாராவது ஒரு டீச்சராக இருந்தால் காதோடு காதாகச் சொல்லியிருப்பேன். இவளிடம் எப்படிச் சொல்வது? பூமணியைக் கேட்டிருப்பது அவள் அண்ணன் மகனுக்கு. மேரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம், நல்ல பையன், குடிப்பழக்கம் இல்லை. அடுத்த மாதம் நிச்சயம் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தங்கச்சிக்கு வலிப்பு என்று தெரிந்தால், அக்காவுக்கும் இருக்கும், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்றுதான் நினைப்பார்கள். அந்தச் சொல்லைக் கடிதத்தில் எழுதாதே என்று சொல்லியிருந்தீர்கள். எழுதிவிட்டேன். படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

சலோமியை அனுப்பாமல் நிறுத்திவிடலாம் என்று இரண்டு தடவை எழுதினேன். போன வருஷம் அம்மை என்று சொல்லி நிறுத்தியாயிற்று, இந்த வருஷமும் நிறுத்தினால்தான் கேள்வி வரும், தைரியமாக அனுப்பு என்று பதில் போட்டீர்கள். அவளும் குதித்துக்கொண்டிருக்கிறாள். கடலைப் பார்த்ததே இல்லையே, பாவம். ஒன்பது வயதுக்கு ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று எனக்கும் தோன்றியது.

ஆகவே நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்திருக்கிறேன். கிள்ளான் டாக்டர் கொடுத்த மருந்துப் போத்தலில் ஒட்டியிருந்த சீட்டை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, இருமல் மருந்து, காலையும் மாலையும் ஒரு கரண்டி என்று எழுதி ஒட்டினேன். இராஜம்மாவிடமும் அப்படியே சொல்லிக் கொடுப்பேன். போன லீவில் வந்தபோது நீங்கள் பழக்கிய பழக்கத்தையும் தினமும் சாயங்காலம் செய்யவைக்கிறேன். நீங்கள் மேசையைத் தட்டுவீர்களே, அதேபோல் நான் தட்டினால், "பின்னாடி போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, ஓடாமல், நடந்து, யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போய், இடது பக்கமாகப் படுத்து, பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, கைக்குட்டையைக் கடித்துக்கொள்கிறாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

நேற்று ஒன்று நடந்தது. அது வருவதற்கு முன்னால் அவளுக்குப் பால் தீய்ந்த வாசனை வரும் அல்லவா? நேற்று பூமணி பராக்குப் பார்த்துக்கொண்டிருந்ததில் நிஜமாகவே அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது. வசனம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து போனாள். தேடிப் போய்ப் பார்த்தால், குளிக்கும் அறைக்குப் பின்னால் கரி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருக்கிறாள், வாயில் கைக்குட்டையோடு. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அடுப்பில் பால்தான் தீய்ந்தது என்று சொன்னதும், "நான் சரியா செஞ்சேனாம்மா?" என்று கேட்டாள். சரியாகத்தான் செய்தாய் என்றேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன். எனக்குத்தான் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

ஜெபத்தில் எங்களை மறக்கவேண்டாம்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மனைவி,
தங்கமணி.


பிரிக்பீல்ட்ஸ்,
1934 ஆகஸ்ட் 9, வியாழன் காலை.

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

கர்த்தர் உன்னையும் அங்குள்ள எல்லாப் பிள்ளைகளையும் காக்கட்டும். முகாமுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு வரும் லோரியில் ரெங்கசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இடையில் கிள்ளான் பாசாரில் நிற்காமல் போங்கண்ணே என்று கெஞ்சியிருக்கிறேன். மீன் வாங்காமல் போனால் சமையல்காரர் திட்டுவார் என்கிறார். இதை நீ தனியாக நின்று படி. படித்தவுடன் சலோமி எங்கே என்று பார். மற்றதை அப்புறம் படித்துக்கொள்.

நீ போட்ட கார்டு நேற்று மாலை வந்தது. சலோமி நன்றாக இருக்கிறாள், கடற்காற்றில் ஒரு இருமலும் இல்லை, ஆகையால் மருந்துப் போத்தலைத் திறக்கவே இல்லை, பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். உன்மேல் தப்பே இல்லை. இருமாத பிள்ளைக்கு யாராவது இருமல் மருந்து கொடுப்பார்களா? அது இருமல் மருந்து இல்லை, இராஜம்மா. அவளுக்கு வலிப்பு உண்டு. ஆறு வயதிலிருந்து உண்டு. அந்த மருந்து நின்றால் திரும்ப வரும். திங்கட்கிழமையிலிருந்து அவள் வயிற்றில் மருந்து போகவில்லை.

கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் இப்போதே ஒரு கரண்டி கொடு. உப்புக் கரிக்கும், முகத்தைச் சுளிப்பாள், விடாதே. கடலில் இறக்காதே. முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். சளி, சுரம் என்று என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லி நிறுத்து. பொய் சொல்லச் சொல்கிறேனே என்று பார்க்காதே.

இனிமேல் எழுதுவதுதான் முக்கியம். அது வரப்போகிறது என்றால் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். பால் தீய்ந்த வாசனை வரும். வந்தால் அவள் யாரையும் கூப்பிடமாட்டாள். கூப்பிடக்கூடாது என்று நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம். பின்னாடி போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்விடுவாள். கக்கூஸ் பக்கம் போயிருக்கிறாள் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதே. ஏதாவது ஒன்றின் மறைவில்தான் இருப்பாள். மரமோ, மூட்டையோ, படகோ, சுவரோ, அதற்கு அந்தப் பக்கம், நீங்கள் எல்லோரும் இருக்கும் இடத்துக்கு முதுகு காட்டுகிற பக்கம் பார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. வாயில் கைக்குட்டை இருக்கும். முதலில் அதை எடுத்துவிடு.

வீட்டில் அந்த மறைவிடம் குளிக்கும் அறைச் சுவர். அங்கே உங்களுக்கு முதுகு காட்டுகிற பக்கம் கடல் அல்லவா இருக்கும்! லோரி ஏற்றிவிட்டு வந்தபோது இது என் புத்திக்கு எட்டவில்லை. உன் கார்டைப் படித்த பிறகுதான் எட்டியது. அதிலிருந்து நான் உட்காரவில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். உனக்கே தெரியும். உன் அண்ணன் வீட்டில் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னால் சொல்லட்டும். பூமணிக்கு வேறு வழி கர்த்தர் திறப்பார், திறக்காவிட்டால் என்னோடு இருக்கட்டும். அவள் அப்பாவைக் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். லிப்பிஸிலிருந்து பதில் வரும்வரை கடல் காத்திருக்குமா?

நமக்குள் எவ்வளவோ மனத்தாங்கல் இருந்திருக்கிறது. உன் கல்யாணத்தில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இன்றைக்கும் உனக்கு வருத்தம் என்று தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிறகு என்னைத் திட்டிக்கொள். இப்போது என் பிள்ளையைத் தேடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா தங்கமணி.


பிரிக்பீல்ட்ஸ்,
1934 ஆகஸ்ட் 13, திங்கள்.

அன்புள்ள கணவருக்கு, தங்கமணி எழுதுவது.

முதலில் இதைப் படித்துக்கொள்ளுங்கள்: சலோமி உயிரோடு இருக்கிறாள். வீட்டில் இருக்கிறாள். நான் இதை எழுதும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த கிளிஞ்சல்களைச் சின்னது, பெரியது என்று பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் போன வியாழன் இராஜம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. தந்தி கொடுத்துக் கேட்கலாமா என்று நினைத்தேன். பிரிக்பீல்ட்ஸ் தந்தி லிப்பிஸ் ஸ்டேஷனுக்கு வந்தால் உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் படிப்பார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதனால் கேட்காமலே செய்தேன். கோபம் வந்தால் வரட்டும். ஆனால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ரெங்கசாமி அண்ணன் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் மத்தியானத் தூக்கம் முடிந்து தேநீருக்கு வரிசையில் நின்றிருக்கிறார்கள். இராஜம்மா கடிதத்தைப் பிரித்து முதல் வரிகளைப் படித்ததுமே தலையை நிமிர்த்தி, சலோமி எங்கே என்று கேட்டிருக்கிறாள். கிள்ளான் பிள்ளை ஒருத்தி, "பின்னாடி போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனா டீச்சர்" என்றிருக்கிறாள். எப்போது போனாள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை இராஜம்மா என்னிடம் நின்றுகொண்டே சொன்னாள், உட்காரவில்லை. போதகரும் சமையல்காரரும் கக்கூஸ் பக்கம் ஓடினார்களாம். அவள் மட்டும் கடிதத்தைக் கையில் பிடித்தபடி கடற்கரைக்கு ஓடியிருக்கிறாள். மரங்களுக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள், இல்லை. மோரிப்பில் தண்ணீர் வெகுதூரம் வற்றிப்போய்ச் சேறாகக் கிடக்குமாம், திரும்ப ஏறும்போது சத்தம்கூடக் கேட்காதாம். சேற்று ஓரத்தில் மலாய்க்காரர்களின் பழைய சம்பான் படகு ஒன்று கவிழ்த்துப் போட்டிருந்திருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்து, இடது பக்கமாகப் படுத்திருந்தாள் உங்கள் மகள். வலிப்பு வந்து ஓய்ந்து, நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். தண்ணீர் இடுப்புவரை ஏறியிருந்தது. பின்னல் நனைந்து, கன்னத்துக்குக் கீழே தண்ணீர் வந்து வந்து போய்க்கொண்டிருந்ததாம். வாயில் கைக்குட்டை.

இராஜம்மா அவளைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு நடந்து வந்ததை அத்தனை பிள்ளைகளும் பார்த்தார்கள். நேற்று கோயிலில் அத்தனை தாய்மார்களுக்கும் தெரிந்திருந்தது. நாம் மூன்று வருஷம் மூடி வைத்திருந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அவளே லோரியில் சலோமியைக் கொண்டுவந்து விட்டாள். நான் கும்பிட்ட கையைத் தட்டிவிட்டாள். சம்பந்தத்தைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "செவ்வாய்க்கிழமை நானே இவ கையைப் பிடிச்சு இடுப்பளவு தண்ணிக்குக் கூட்டிட்டுப் போனேன் அக்கா. அலை வருது பாரு, பயப்படாதேன்னு சொல்லி நடுவுல கையை விட்டேன். எனக்குத் தெரியாம என் கையிலேயே கொடுத்து அனுப்பினீங்களே. ஏதாவது ஆயிருந்தா நான் உயிரோட இருந்திருப்பேனா?" என்று கேட்டாள். பிறகு இன்னொன்று கேட்டாள். படகுக்குப் பின்னால் பார்த்தபோது பாவாடை முழங்காலுக்குக் கீழே ஒழுங்காக இழுத்து விட்டிருந்ததாம். "சாகக் கிடக்கிற நேரத்துல பாவாடையை இழுத்துவிடச் சொல்லிக் கொடுத்தது யாரு அக்கா?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும்தான் என்றேன். அதன்பிறகுதான் அவள் அழுதாள், நானும் அழுதேன்.

போகும்போது வாசலில் நின்று, அண்ணன் வீட்டுக்கு விஷயம் வேறு வாய் வழியாகப் போவதற்கு முன்னால் தானே மேருவுக்குப் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னாள். அவர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்று அவளுக்கும் தெரியாதாம். இன்றுவரை செய்தி இல்லை. பூமணி முகம் வாடித்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் நேற்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, "தங்கச்சிய ஒளிச்சு வெச்சுட்டு நான் எந்த வீட்டுல போய் நிம்மதியா இருக்கிறது? போதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். என் வயிற்றில் பிறந்த பிள்ளை எனக்கு மேலே யோசிக்கிறாள்.

கோயிலில் ஒருவரும் எங்களை விட்டு விலகி உட்காரவில்லை. அம்பாங் அம்மாள், அதுதான் சோறு எத்தனை வேளை என்று கேட்டவள், ஆராதனைக்கு நடுவிலேயே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் அண்ணன் மகனுக்கும் இதே தொந்தரவு என்று என் காதில் சொன்னாள். அவர்களும் யாரிடமும் சொன்னதில்லையாம். ஒரே சபையில் எத்தனை கரி மூட்டைகளுக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் படுத்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்.

இப்போது உங்களிடம் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன்.

சனிக்கிழமையே நான் சலோமியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். இனிமேல் எங்கேயும் போகாதே, அந்த வாசனை வந்தால் சத்தம் போட்டு என்னைக் கூப்பிடு, யார் இருந்தாலும் பரவாயில்லை, தெரு கேட்டாலும் பரவாயில்லை என்றேன். தலையை ஆட்டினாள். நேற்று கோயிலிலிருந்து வந்து நான் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது. அந்தச் சத்தமில்லாத வீடு எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஓடினேன். கரி மூட்டைக்குப் பின்னால் படுத்திருந்தாள். இந்தத் தடவை அடுப்பில் பால் இல்லை. கொஞ்சம்தான் வந்தது, சீக்கிரம் விட்டுவிட்டது. தெளிந்ததும், ஏனடி கூப்பிடவில்லை, அம்மா சொன்னேனே என்று அவளை உலுக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னீங்க. அப்பா சொல்லலையே. அப்பா கோவிச்சுக்குவாங்க" என்றாள்.

நான் எவ்வளவு சொன்னாலும் அவளுக்கு ஏறாது. நான் வெறுமனே மேசையைத் தட்டினவள். பழக்கியது நீங்கள். நன்றாகச் செய்தால் மடியில் ஏற்றி முத்தம் கொடுத்தது நீங்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையை ஊர்ப் பேச்சிலிருந்து காப்பாற்ற நினைத்தீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நீங்கள் போட்ட பூட்டை நீங்கள்தான் திறக்கவேண்டும். என் கையில் சாவி இல்லை. கடிதத்தில் எழுதி அனுப்பினால் போதாது, நான் படித்துக் காட்டினால் நானே சொல்வதாக நினைப்பாள்.

லீவு கிடைக்காது என்று எழுதாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போன வருஷம் மீன்பிடிக்கப் போனீர்களே, அப்படியாவது ஒரு காரணம் சொல்லி வாருங்கள். இல்லாவிட்டால் உண்மையையே சொல்லுங்கள், என் மகளுக்கு வலிப்பு என்று உங்கள் பெரிய ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு தடவை வெளியே வரட்டும். வானம் இடிந்து விழாது, நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் வரும்வரை நானும் பூமணியும் மாறி மாறி அவள் பாவாடை நுனியைப் பிடித்தபடி இருக்கிறோம். கரி மூட்டையை வாசலுக்கு இழுத்துப் போட்டுவிட்டேன். வருகிறவர்கள் எல்லாம் தடுக்கி விழுகிறார்கள், விழட்டும்.

கர்த்தர் உங்கள் ரயிலை முன்னின்று நடத்திப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. வந்ததும் உள்ளே வந்து மெதுவாகப் பேசாதீர்கள். வாசலிலேயே நின்று, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எல்லாம் கேட்க, சலோமி, அப்பா வந்திருக்கிறேன், இனிமேல் சத்தம் போட்டுக் கூப்பிடு என்று சொல்லுங்கள்.

உங்களுக்காக வாசலிலேயே இருக்கும்,
தங்கமணி.